ஃபிரேம் வந்த அன்றே அளவெடுங்கள்: கார்பன் சைக்கிள் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் ஓர் இளைஞர் கார்பன் ஃபிரேம் ஒன்றைக் கைக்குழந்தையைப்போல் ஏந்திக்கொண்டு வந்தார். இணையத்தில் மலிவாக வாங்கியது. கறுப்பு நிறம், மேலே பெயர் எதுவும் இல்லை. "பாட்டம் பிராக்கெட்டை மட்டும் அழுத்திக் கொடுங்கள் அண்ணா, மற்றதை நானே கட்டிக்கொள்கிறேன்" என்றார். கிராங்கின் அச்சு சுழலும் பேரிங்குகளைத் தாங்கி, ஃபிரேமின் அடியிலுள்ள துளையில் இருபக்கமும் உட்காரும் பாகம் அது. என்னிடம் அதை அழுத்தும் கருவி இருப்பதை யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"பெட்டி வந்து எத்தனை நாள் ஆகிறது?"

"நான்கு மாதம். ஒவ்வொரு பாகமாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன்."

"துளையை அளந்து பார்த்தீர்களா?"

"எதற்கு அண்ணா? 41 மில்லிமீட்டர் என்று அவர்களே போட்டிருக்கிறார்களே."

ஆறு ஆண்டுகளுக்கு முன் என்னைக் கேட்டிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். அந்தப் பதிலுக்கு நான் கொடுத்த விலை இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். டார்க் ரெஞ்ச் வாங்குங்கள், செயினை அளந்து வெட்டுங்கள், இடது பெடலின் மரை எதிர்த்திசையில் சுற்றும் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை எங்கும் கிடைக்கும்.

பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவைப்பது

எல்லாத் தவறுகளுக்கும் தலையாயது இது. செய்யும்போது தவறு என்றே தோன்றாது.

ஃபிரேம் வருகிறது. பெட்டியைப் பிரிக்கிறோம், தூக்கிப் பார்க்கிறோம், எடை குறைவாக இருக்கிறதே என்று பூரிக்கிறோம், நான்கு புகைப்படம் எடுக்கிறோம், சுவரில் மாட்டிவிடுகிறோம். பிறகு சக்கரம், பெடலைத் தாங்கும் கிராங்க், பிரேக் என்று ஒவ்வொன்றாக வந்து சேர இரண்டு மூன்று மாதம் ஆகிவிடுகிறது. திருப்பி அனுப்ப விற்பவர் கொடுத்த 30 நாள் அவகாசம் அதற்குள் சத்தமில்லாமல் முடிந்துவிடுகிறது.

என் ஃபிரேம் மூன்று மாதம் சுவரில் தொங்கியது. அது அழுத்திப் பொருத்தும் வகை: துளையின் விட்டம் 41 மில்லிமீட்டர், அகலம் 86.5. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கருவியை எடுத்து, பேரிங்கைத் தாங்கும் இடப்பக்கக் கப்பை அழுத்தினேன். நன்றாக இறுக்கிப் பிடித்து, மெல்ல மெல்ல உள்ளே போனது. வலப்பக்கக் கப்பைத் துளையின் வாயில் வைத்துக் கருவியைப் பொருத்துவதற்கு முன் கட்டைவிரலால் இலேசாகத் தள்ளினேன். வெண்ணெயில் விரல் வைத்ததுபோல் வழுக்கிக்கொண்டு முழுவதும் உள்ளே போய்விட்டது. அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? கிரீஸ் தாராளமாகப் போட்டிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு எளிதாகப் போகிறது என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

கட்டைவிரலால் தள்ளி உள்ளே போகும் கப், கட்டைவிரல் இல்லாமலே அசையும். அப்போது அது உறைக்கவில்லை.

200 கிலோமீட்டர் தாண்டியதும் சத்தம் தொடங்கியது. வலது பெடலை மிதித்து இறக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு "டிக்". மேட்டில் ஏறினால் அதுவே முனகலாக மாறும். பெடலைக் கழற்றிக் கிரீஸ் போட்டேன். செயின்ரிங் போல்ட்டுகளை எடுத்துத் துடைத்து மாட்டினேன். சீட்போஸ்ட், சீட் தண்டவாளம், பின்சக்கர அச்சு, ஒன்றையும் விடவில்லை. கார்பன் குழாய்கள் உள்ளீடற்றவை. சத்தம் எங்கே பிறந்தாலும் முழு ஃபிரேமும் அதை வாங்கி ஒலிக்கும். சீட்டிலிருந்து வருவதாகத் தோன்றும் சத்தம் பெடலில் பிறந்திருக்கும். ஒரு மாதம் இப்படிப் போனது. அதற்குள் வலப்பக்கப் பேரிங் கையால் சுற்றினாலே கரகரவென்றது.

கடைசியில் வெர்னியர் காலிப்பர் ஒன்றை வாங்கினேன். முதல் நாளே கையில் இருந்திருக்க வேண்டிய கருவி. கப்புகளைத் தட்டி வெளியே எடுத்து அளந்தேன். இடப்பக்கம் எந்தத் திசையில் வைத்தாலும் 41.0. வலப்பக்கம் மேலிருந்து கீழாக 41.0, முன்னிருந்து பின்னாக 41.3. துளை வட்டமாகவே இல்லை, முட்டை வடிவத்தில் இருந்தது. மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கு கண்ணுக்குத் தெரியாது. பேரிங்குக்கு அது பெரும் பள்ளம்.

இப்படி ஏன் வருகிறது? கார்பன் ஃபிரேம் அச்சில் அடுக்கி உருவாக்குவது. அச்சிலிருந்து வரும் துளை அப்படியே துல்லியமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கத் துளைகளையும் ஒரே அச்சுக்கோட்டில் கடைந்து சரிசெய்வதுதான் முறை. செலவைக் குறைக்க நினைக்கும் இடத்தில் முதலில் அடிவாங்குவது இப்படிப்பட்ட கண்ணில் படாத வேலைதான். போதாததற்கு, மேலே அடிக்கும் பெயின்ட் துளையின் விளிம்பில் வழிந்து தடித்துவிடுவதும் உண்டு. துளை பெரிதானால் சத்தம், சிறிதானால் பேரிங் நசுங்கும், இரண்டு துளைகளும் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் கிராங்க் இறுகும். மூன்றில் எது வந்தாலும் பேரிங்தான் முதல் பலி.

விற்றவருக்கு அளவுகளோடு படம் அனுப்பினேன். பதில் ஒரே வரி: பாகம் பொருத்தப்பட்டுவிட்டதால் திரும்பப் பெற இயலாது. கோபம் வந்தது. ஆனால் அவர் இடத்திலிருந்து பார்த்தால், துளையைக் கெடுத்தது நான் அல்ல என்று அவருக்கு எப்படித் தெரியும்? கப்பைத் தட்டி எடுத்தபோது விளிம்பில் சிறு செதில் வேறு பெயர்ந்திருந்தது, படத்தில் அது பளிச்சென்று தெரிந்தது.

அதன்பிறகு செலவுக் கணக்கு. ஒரே பருவத்தில் இரண்டு ஜோடி பேரிங். இடைவெளியை நிரப்பும் பசை. சுற்றிலும் சீரான இடைவெளி இருந்தால் அது வேலை செய்யும், முட்டை வடிவத்துக்குச் சில வாரங்கள்தான் தாங்கியது. இறுதியில், இரண்டு கப்புகளும் நடுவில் ஒன்றோடொன்று மரையில் பூட்டிக்கொள்ளும் பாட்டம் பிராக்கெட் ஒன்றைத் தேடி வாங்கினேன். இரண்டு பேரிங்குகளையும் ஒரே கோட்டில் அதுவே பிடித்துக்கொள்வதால் நிலைமை ஓரளவு அடங்கியது. இவ்வளவுக்கும் செலவழித்ததைக் கூட்டினால், ஃபிரேம் வாங்கும்போது மிச்சப்படுத்தியதாக நான் நினைத்த பணம் போய்விட்டிருந்தது.

ஆகவே பெட்டி வந்த அன்றே செய்ய வேண்டியவை. எந்தப் பாகமும் வாங்கியிருக்க வேண்டியதில்லை. வெர்னியரும் டார்ச் விளக்கும் போதும்.

பாட்டம் பிராக்கெட் துளையை இரண்டு பக்கமும் அளக்கவும். ஒவ்வொரு பக்கமும் கடிகார முள்போல் திருப்பி மூன்று திசைகளில்; விளிம்பில் ஒருமுறை, ஒரு சென்டிமீட்டர் உள்ளே ஒருமுறை. அகலத்தை நான்கு இடங்களில் அளக்கவும். இடத்துக்கு இடம் மாறினால் இரண்டு முகங்களும் இணையாக இல்லை என்று பொருள். டார்ச்சை உள்ளே அடித்துப் பாருங்கள்: சுருங்கி மடிந்த கார்பன், கட்டியாக நிற்கும் பிசின், அச்சுக்குள் ஊதிய பையின் கிழிந்த துண்டு ஏதாவது இருக்கிறதா என்று. பையின் துண்டு குறை அல்ல, இழுத்து எடுத்துவிடலாம். ஆனால் மடிப்பு கவலைக்குரியது. பின்சக்கர முனை ஒன்றிலிருந்து நூலைக் கட்டித் தலைக்குழாயைச் சுற்றி மறுமுனைக்குக் கொண்டுவந்து, சீட் குழாயிலிருந்து நூல் இருபுறமும் ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பார்க்கவும். எல்லாவற்றையும் அளவுகோல் தெரியும்படி படமெடுத்து வைக்கவும். ஏதேனும் பிசகினால், கருவி படாத ஃபிரேமாக அன்றே திருப்பிவிடலாம்.

சக்கரத்தை மாட்டிப் பார்த்துக் கோணலாக இருந்தால் உடனே ஃபிரேமைத் திட்டாதீர்கள். சக்கரமே நடுவில் இல்லாமல் கட்டப்பட்டிருக்கலாம். வேறொரு சக்கரத்தை மாட்டிப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

பெயர் ஒத்துப்போகிறது என்று பாகம் வாங்குவது

பாட்டம் பிராக்கெட்டில் பிபி86, பிபி386 என்று இரண்டு வகை உண்டு. அகலம் இரண்டுக்கும் 86.5தான். விட்டம் முதலாவதற்கு 41, இரண்டாவதற்கு 46. விற்பனைப் பக்கத்தில் ஓர் இலக்கம் விடுபட்டால் உங்கள் கதை முடிந்தது. மரை உள்ள பழைய வகையாக இருந்தால் அகலம் 68, வலப்பக்கக் கப் எதிர்த்திசையில் திரும்பும். மலிவு ஃபிரேமில் மரை உள்ள வகை கிடைத்தால் சற்று எடை கூடினாலும் அதையே எடுங்கள் என்பேன். நான் பட்டது போதும்.

ஹேண்டில்பார் திரும்ப உதவும் ஹெட்செட் பேரிங்கும் இப்படித்தான். விட்டம் மட்டும் பொருந்தினால் போதாது, விளிம்பின் சாய்வுக் கோணமும் பொருந்த வேண்டும். 36 டிகிரியும் உண்டு, 45 டிகிரியும் உண்டு. பேரிங்கின் மேலேயே 36/45 அல்லது 45/45 என்று அச்சிட்டிருப்பார்கள். தவறான கோணத்தில் உட்கார்ந்தால் எவ்வளவு இறுக்கினாலும் ஆட்டம் போகாது. சக்கரத்தின் நடுவே ஊடுருவி ஃபிரேமில் திருகும் த்ரூ ஆக்சிலில் நீளத்தோடு மரையின் இடைவெளியையும் பாருங்கள்: 12 மில்லிமீட்டர் அச்சிலேயே 1.0, 1.5, 1.75 என்று மூன்று விதம் புழங்குகிறது. ஃபிரேமோடு வந்த ஆக்சிலைத் தொலைத்துவிடாதீர்கள்.

ஸ்டீரர் குழாயை முதல் நாளே வெட்டுவது

கட்டிய அன்றே சைக்கிள் அழகாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை. ஃபோர்க்கின் மேல்குழாயான ஸ்டீரர், ஹேண்டில்பாரைக் கவ்வும் ஸ்டெம்முக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பது கண்ணை உறுத்தும், உண்மைதான். ஸ்டெம்முக்குக் கீழே இரண்டு, மேலே இரண்டு ஸ்பேசர் வளையம் என்று போட்டு 300 கிலோமீட்டர் ஓட்டுங்கள். முதுகு என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டு வெட்டுங்கள். என் நண்பர் ஒருவர் முதல் நாளே ஸ்பேசர் இல்லாமல் வெட்டினார். இப்போது மேல்நோக்கி வளைந்த ஸ்டெம் ஒன்றை மாட்டி ஓட்டுகிறார். அழகுக்காக வெட்டிய சைக்கிள், பார்க்கச் சகிக்கவில்லை.

வெட்டும்போது நுண்பல் ரம்பம், சுற்றிலும் டேப், மேலே ஈரத்துணி, முகக்கவசம். கார்பன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. வெட்டிய விளிம்பு மேல் ஸ்பேசருக்கு 3 மில்லிமீட்டர் கீழே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மேல்மூடி குழாயிலேயே முட்டி நின்று ஹெட்செட் இறுகாது. உள்ளே போடும் விரியும் பிளக், ஸ்டெம் கவ்வும் இடத்துக்கு நேராக இருக்கட்டும். மேலே ஸ்பேசரை அடுக்கிக்கொண்டே போனால் பிளக்கும் மேலேறிவிடும், ஸ்டெம் வெறும் குழாயைக் கவ்வும். இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

அலுமினியக் குழாய்க்கான நட்சத்திர நட்டை கார்பனில் அடிப்பது

வேண்டாம்.

சீட்போஸ்ட்டுக்குக் கிரீஸ் தடவுவது

கார்பனுக்கு என்று மணல்போல் நெருடும் பசை இருக்கிறது. அதைத் தடவி, கிளாம்பில் எழுதியிருக்கும் அளவுக்கு மேல் ஒரு சுற்றுகூடத் திருகாமல் நிறுத்துங்கள்.

பாட்டம் பிராக்கெட்டைப் பொருத்திவிட்டு கேபிள் கோர்ப்பது

கேபிளும் பிரேக் குழாயும் ஃபிரேமுக்குள் ஓடும் வண்டிகளில், கீழே விரல் நுழையக்கூடிய ஒரே ஜன்னல் அந்தத் துளைதான். அதை அடைத்துவிட்டுக் காந்தத்தோடும் நூலோடும் இரவெல்லாம் போராடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் எல்லாவற்றையும் கோர்த்து, குழாய்களுக்கு நுரை உறையும் போட்டுவிடுங்கள். உறை போடாவிட்டால் கரடுமுரடான சாலையில் ஃபிரேமுக்குள் கிலுகிலுப்பை ஆடும்.

ஹெட்செட் வழியாகவே குழாய்கள் இறங்கும் வகை பார்க்க அழகு. பிரேக் குழாய் பேரிங்கின் நடுவே போவதால், மேல் பேரிங் கெட்டால் பிரேக்கையும் அவிழ்த்து எண்ணெய் மாற்ற வேண்டும். முதல்முறை கட்டுபவருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

உபரி ஹேங்கர் வாங்காமல் விடுவது

பின் கியர் மாற்றியைத் தாங்கும் சிறு துண்டு அது. ஃபிரேமோடு சேர்த்தே இரண்டு வாங்குங்கள். பெயரில்லாத ஃபிரேமுக்கு நாளைக்கு எங்கே தேடுவீர்கள்?

பெயர் திருடிய ஃபிரேம்

பெயர் இல்லாத ஃபிரேம் ஒன்று, பெரிய நிறுவனத்தின் பெயரைத் திருடி ஒட்டிய ஃபிரேம் வேறு. முதலாவதைச் செய்பவர்களில் ஒழுங்கானவர்கள் இருக்கிறார்கள். ஐஎஸ்ஓ 4210 பாதுகாப்புத் தரத்தின்படி சோதித்த அறிக்கையைக் கேட்டால் அந்த மாதிரிக்கே உரியதை அனுப்புவார்கள். இரண்டாவதைச் செய்பவர் முதல் அடியே பொய்யில் வைத்தவர். உள்ளே எத்தனை அடுக்கு போட்டிருக்கிறார் என்பதில் மட்டும் உண்மையாக இருப்பார் என்று எதை வைத்து நம்புவது? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இறக்கத்தில் போகும்போது கைகளுக்குக் கீழே இருப்பது அந்த ஃபோர்க்.

அந்த இளைஞரின் ஃபிரேமை மேசையில் வைத்து அளந்தோம். அவரே அளக்கட்டும் என்று வெர்னியரை அவர் கையில் கொடுத்தேன். இடப்பக்கம் 41.0. வலப்பக்கம் 41.0. திருப்பி வைத்தாலும் 41.0. "பார்த்தீர்களா அண்ணா!" என்று சிரித்தார். அளக்காமலே நான்கு மாதம் சுவரில் மாட்டி வைத்திருந்தவருக்கு இப்படி ஓர் அதிர்ஷ்டம். எதுவும் பேசாமல் கருவியைப் பொருத்தி அழுத்தினேன். இரண்டு கப்புகளும் நன்றாக இறுக்கிப் பிடித்து, மெல்ல மெல்ல உள்ளே போயின. என்னுடையது ஈரமான நாட்களில் இன்னமும் "டிக்" என்கிறது.