பீஸ் ரோஜாவில் கத்தரி வைக்கும் முன்

எங்கள் மொட்டைமாடியில் பீஸ் ரோஜா மூன்று தொட்டி நிற்கிறது. யாங்கோனில் இந்தச் செடியைப் பற்றி நாலு பேரிடம் கேட்டால் நாலு விதமாகத்தான் சொல்வார்கள்.

மலை ஊரான பியின் ஊ ல்வினில் இருக்கும் என் நாத்தனார், "அண்ணி, அரை அடி அகலத்துக்குப் பூக்குது, ஓரமெல்லாம் ரோஸ் கலர் தீத்தின மாதிரி" என்பாள். பக்கத்துத் தெரு வாத்தியாரம்மாவுக்கு இதன் பேரைச் சொன்னாலே ஆகாது. "ஆடி மாசம் வந்து பாரும்மா, இலையே இருக்காது, வெறும் குச்சி." கோயிலுக்கு மாலை கட்டும் தாத்தாவோ வாசனையில்லாத பூவைத் தொடவே மாட்டார். நர்சரிக்கார பர்மியர் பெருமூச்சு விடுவார்: இப்போது வரும் கன்று அந்தக் காலத்து நின்ஸியே (பர்மியில் ரோஜா) இல்லையாம்.

நாலு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் பாதிக் குறைக்குக் காரணம் செடியில்லை, கத்தரி.

இது பிரான்ஸில் பிரான்சிஸ் மெய்யான் உருவாக்கிய ரோஜா. அங்கே இதற்கு அவருடைய அம்மாவின் பெயர். போர் மூளும் நேரத்தில் ஒட்டுக்குச்சிகள் அமெரிக்காவுக்குப் போயின. 1945 ஏப்ரல் 29 அன்று அங்கே 'பீஸ்' என்று பெயர் வைத்தார்கள். அதே வாரத்தில்தான் ஜப்பான்காரர்கள் ரங்கூனைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். என் மாமனார் இந்தக் கதையைச் சொல்லாமல் செடிக்குத் தண்ணீர் ஊற்றியதில்லை.

சரி, செடிக்கு வருவோம். வாங்கும்போது பூவைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒட்டுப் போட்ட இடத்துக்கு மேலே பென்சில் கனத்தில் இரண்டு மூன்று கிளையாவது இருக்க வேண்டும். இலையில் மஞ்சள் கோடுகள் வளைந்து வளைந்து ஓடினால் அந்தக் கன்றை விட்டுவிடுங்கள். அது ஒட்டு வழியாக வரும் வைரஸாக இருக்கலாம், மருந்தில் போகாது. நர்சரிக்காரரின் பெருமூச்சுக்கு இப்படிப்பட்ட கன்றுகளும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

தொட்டி 14 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. செம்மண், மக்கிய சாணம், உமிக்கரி மூன்றையும் சமபங்காகக் கலக்கிறேன். அடியில் செங்கல் வைத்துத் தூக்கி வையுங்கள். நம் ஊர் மழையில் தரையோடு ஒட்டிய தொட்டி குளமாகிவிடும். வெயில் ஆறு மணி நேரமாவது வேண்டும்.

இப்போது கத்தரி. மற்ற ரோஜாவையெல்லாம் தடின்ஜூட் (ஐப்பசி வாக்கில் வரும் பர்மிய விளக்குத் திருவிழா) முடிந்ததும் குட்டையாக வெட்டித் தள்ளுவேன். முதல் வருடம் பீஸையும் அப்படியே அரையடிக்கு வெட்டினேன். ஒரு செடி செத்தே போனது. மற்றது மாசி வரைக்கும் முறைத்துக்கொண்டு நின்றது. அப்புறம் விட்ட இரண்டு குருத்தும் நுனியில் மொட்டே இல்லாமல் முடிந்தன. பீஸுக்கு ஆழமான கவாத்து பிடிக்காது. குட்டையாக வெட்டினால் பூவில்லாக் குருத்தாக விட்டுப் பழிவாங்கும்.

அதனால் மேலே இருந்து மூன்றில் ஒரு பங்கு மட்டும் எடுங்கள். காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, நூல் மாதிரி மெலிந்தது, இவை முதலில் போகட்டும். பிறகு ஒவ்வொரு கிளையையும் விரலால் தடவிப் பாருங்கள். இலைக்காம்பு இருந்த தழும்புக்கு மேலே கடுகு போலச் சிவந்த ஒரு கண் தட்டுப்படும். செடிக்கு வெளிப்பக்கம் பார்க்கும் கண்ணாகப் பார்த்து, அதற்குக் கால் அங்குலம் மேலே, கண்ணுக்கு எதிர்ப்பக்கம் சரியும்படி வெட்டுங்கள். உள்ளே தண்டு பழுப்பாக இருந்தால் அடுத்த கண்ணுக்கு இறங்குங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் போதும், நிறுத்திவிடுங்கள்.

ஐப்பசியில் வெட்டினால் ஆறேழு வாரத்தில், டிசம்பர் தொடக்கத்தில் பூ. நடுவில் மொட்டில்லாக் குருத்து வந்தால் பயப்பட வேண்டாம். ஐந்து இலை சேர்ந்த கொத்து ஒன்றுக்கு மேலே கிள்ளிவிட்டால் பெரும்பாலும் அடுத்தது மொட்டோடு வரும்.

தீனிக்கு, கால் வீசை (சுமார் 400 கிராம்) கடலைப் புண்ணாக்கை ஒரு வாளித் தண்ணீரில் ஒரு வாரம் ஊறவைத்து, தெளிந்ததைப் பத்து மடங்கு நீரில் கலந்து பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஊற்றுகிறேன். நாறும். அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். (வீசை நம்மிடமிருந்து வந்த சொல்தான், தமிழ்நாட்டில் மறந்துபோனாலும் இங்கே பஜாரில் இன்னும் நிறுக்கிறார்கள்.)

வாத்தியாரம்மாவின் புகார் கரும்புள்ளி நோய். பீஸுக்கு அது வரும், மறைப்பதற்கில்லை. இலை ஏழு மணி நேரம் போல ஈரமாகவே இருந்தால் பூசணம் உள்ளே புகுந்துவிடும், நம் ஆடி மழையில் அதற்கு என்ன பஞ்சம்! மழைக்காலத்தில் தொட்டிகளைத் தகரக் கூரை ஓரத்துக்கு நகர்த்தி, ஒன்றுக்கொன்று இரண்டடி இடைவெளி விடுகிறேன். தண்ணீர் காலையில், வேரில் மட்டும். உதிர்ந்த இலையை அன்றன்றே பொறுக்கி எரிக்கிறேன். இவ்வளவு செய்தும் பாதி இலை போகத்தான் செய்கிறது. அந்தச் சமயத்தில் செடியைத் திட்டவும் வேண்டாம், வெட்டவும் வேண்டாம். கரும்புள்ளி வந்த பிறகு வேப்பெண்ணெய் அடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

நிறத்தில் நாத்தனாருடன் போட்டி போட முடியாது. அவள் ஊர் 3,500 அடி உயரத்தில் இருக்கிறது. குளிரில் மஞ்சளும் ரோஸும் அழுத்தமாக நிற்கும். இங்கே தை மாதம் வரை அழகு. பங்குனி வெயிலில் மோர் நிறத்துக்கு வெளுத்துவிடும். வாசனையை மூக்கை வைத்துத் தேடினால் லேசாக ஏதோ வரும், அவ்வளவுதான். மாலைத் தாத்தாவுக்கு நான் பதில் வைத்திருக்கவில்லை. மாலைக்கு நாட்டு ரோஜாவே சரி.

வாத்தியாரம்மா இந்தத் தடின்ஜூட்டுக்குத் தன் செடியை வெட்டித்தர என்னைக் கூப்பிட்டிருக்கிறார். என் கத்தரியோடு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவருடையது மொக்கை, தண்டை வெட்டாது, நசுக்கும்.