பிரீகாஸ்ட் பீஸுக்கு ஆர்எஃப்ஐடி டேக் எப்படி போடுறது

பிரீகாஸ்ட்னா முன்னாடியே மோல்டுல வார்த்து வச்ச கான்க்ரீட் பீஸ். யார்டுல நூறு ஸ்லாப் ஒரே மாதிரி அடுக்கி இருக்கும், பெயிண்ட்ல எழுதுன நம்பர் மழைல போயிடும், அப்புறம் எது எந்த மாடிக்குன்னு தேடியே பாதி நாள் போகும். நியூ ஜெர்சி மெடோலேண்ட்ஸ்ல 2010ல திறந்த ஸ்டேடியத்துக்கு பிரீகாஸ்ட் பீஸ்களை ஆர்எஃப்ஐடி டேக் (ரேடியோ அலையில தன் நம்பரைச் சொல்ற சின்ன சிப்) வச்சுத்தான் டிராக் பண்ணாங்க.

பேட்டரி இல்லாத யுஹெச்எஃப் (அல்ட்ரா ஹை ஃப்ரீக்வென்சி) டேக் போதும், ரீடர், அதாவது டேக்கைப் படிக்கிற கருவி, அனுப்புற அலையிலயே அதுக்கு பவர் கிடைச்சிடும். இந்தியாவுல இதுக்கான அலைவரிசை 865-868 மெகாஹெர்ட்ஸ், ரீடர் வாங்கும்போது இதைப் பாத்துக்கோங்க.

முக்கியமான விஷயம், டேக்கை கம்பில நேரா கட்டாதீங்க, இரும்பு சிக்னலை கெடுத்துடும், நடுவுல பிளாஸ்டிக் ஸ்பேசர் வச்சு மேற்பரப்புக்குப் பக்கத்துல கட்டுங்க, இல்லேன்னா மெட்டலுக்குன்னே வர்ற டேக் வாங்குங்க. ஈர கான்க்ரீட்டும் அலையை உறிஞ்சிக்கும், அதனால போட்ட அன்னைக்கு படிக்கலேன்னா பதறாதீங்க, காஞ்சதும் மறுபடி பாருங்க. ஆனா கான்க்ரீட் ஊத்துறதுக்கு முன்னாடி ஒரு தடவை கண்டிப்பா ஸ்கேன் பண்ணிடுங்க, உள்ள போனப்புறம் செத்த டேக்கை மாத்த முடியாது.

டேக்குல நம்பர் மட்டும் இருந்தா போதும், டிராயிங் மார்க் (பிளான்ல அந்த பீஸுக்கு இருக்கிற அடையாளம்), ஊத்துன தேதி எல்லாம் டேட்டாபேஸ்ல. மோல்டு கழட்டும்போது, லாரி ஏத்தும்போது, கிரேன்ல மாட்டும்போது ஸ்கேன். எதுக்கும் ஒரு கியூஆர் ஸ்டிக்கரும் ஒட்டி வைங்க.