ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ: முதல் எல்இடி எரியும் வரை

65 மி.மீ. நீளம், 30 மி.மீ. அகலம். இந்தக் குட்டிக் கணினிப் பலகைக்குள் நான்கு கோர் பிராசசரும் 512 எம்பி ரேமும் வைஃபையும் ப்ளூடூத்தும் அடங்கியிருக்கின்றன. ஆர்டுவினோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் பலகையைப் பழகிவிட்டு இதற்கு வருபவர்கள் இரண்டு பழக்கங்களை விட்டுவிட வேண்டும். ஒன்று, பின்னுக்கு (வயர் இணைக்கும் காலுக்கு) 5 வோல்ட் சிக்னல் கொடுப்பது. அது சிப்பையே எரித்துவிடும். இன்னொன்று, நினைத்த நேரத்தில் கேபிளைப் பிடுங்குவது. அது மெமரி கார்டைக் கெடுக்கும்.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. பலகை, ஏ1 குறி போட்ட 16 அல்லது 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு, 5 வோல்ட் 2.5 ஆம்பியர் மைக்ரோ யுஎஸ்பி அடாப்டர், வயர் செருகுவதற்கான 40 பின் ஹெடர், சால்டர் இல்லாமல் சர்க்யூட் கட்டும் பிரெட்போர்டு, ஒரு முனை ஆண் மறுமுனை பெண்ணாக உள்ள ஜம்பர் வயர் இருபது, சிவப்பு எல்இடி இரண்டு, 330 ஓம் ரெசிஸ்டர் நாலைந்து. சால்டரிங் (உருக்கிய ஈயக்கம்பியால் ஒட்டுவது) கை வராதவர்கள் ஹெடர் பொருத்தியே வரும் டபிள்யூஹெச் வகையைக் கேட்டு வாங்கலாம். மானிட்டர் இணைக்க மினி எச்டிஎம்ஐ, கீபோர்டுக்கு ஓடிஜி அடாப்டர் என்று செலவை இழுக்காதீர்கள். எல்லாவற்றையும் வைஃபை வழியாகவே செய்துகொள்ளலாம்.

கார்டைக் கணினியில் செருகி, கார்டில் ஓஎஸ்ஸை எழுதும் மென்பொருளான ராஸ்பெர்ரி பை இமேஜரைத் திறங்கள். டெஸ்க்டாப் இல்லாத ராஸ்பெர்ரி பை ஓஎஸ் லைட், 32 பிட் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். டெஸ்க்டாப் இந்த 512 எம்பியில் ஓடத்தான் செய்யும், ஆனால் நொண்டும். எழுதும் முன் இமேஜர் கேட்கும் அமைப்புகளில்தான் விஷயமே இருக்கிறது: ஹோஸ்ட்நேம் (நெட்வொர்க்கில் பலகையின் பெயர்), பயனர் பெயர், பாஸ்வேர்டு, வைஃபை பெயர், வைஃபை நாடு. உங்கள் கணினியிலிருந்து பலகைக்குள் நுழைந்து கட்டளை கொடுக்க உதவும் எஸ்எஸ்ஹெச்சையும் அங்கேயே இயக்கிவிடுங்கள். பழைய வீடியோக்களில் சொல்லும் ‘பை’ என்ற ஆயத்தப் பயனர் 2022 ஏப்ரலிலேயே நீக்கப்பட்டுவிட்டார். அந்தப் பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் தட்டிக்கொண்டிருந்தால் கதவு திறக்காது.

இந்தப் பலகைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும்தான் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸில் ஓடும் மொபைல் ஹாட்ஸ்பாட் அதன் கண்ணுக்கே படாது. “எல்லாம் சரியாகத்தான் போட்டேன், கனெக்ட் ஆகவில்லை” என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இரண்டு மைக்ரோ யுஎஸ்பி துளைகளில், பலகையில் ‘PWR IN’ என்று அச்சிட்டிருப்பதில் அடாப்டரைச் செருகுங்கள். முதல் முறை கார்டைத் தயார் செய்துகொண்டு தானே ரீபூட் ஆகும்; ஐந்து நிமிடம் கை வைக்காமல் விடுங்கள். பிறகு கணினியின் டெர்மினலில், வைத்த பயனர் பெயர், அட் குறி, ஹோஸ்ட்நேம், கடைசியில் புள்ளி லோக்கல் என்று சேர்த்து எஸ்எஸ்ஹெச் கொடுங்கள். பெயரால் கிடைக்கவில்லையென்றால் ரூட்டரின் பக்கத்தில் இணைந்த கருவிகள் பட்டியலைப் பார்த்து, ஐபி எண்ணால் நுழையலாம்.

காரணமே இல்லாமல் ரீபூட் ஆகிறதா? வைஃபை அடிக்கடி அறுகிறதா? கேபிளைச் சந்தேகியுங்கள். பெரிய ராஸ்பெர்ரி பை பலகைகளில் மின்னழுத்தம் குறைந்தால் எச்சரிக்கை வரும். ஜீரோ வகைகளில் அதைக் கண்டறியும் சர்க்யூட்டே கிடையாது, அமைதியாகத் தடுமாறும். பலகை வேலை செய்துகொண்டிருக்கும்போது 2ஆம் பின்னுக்கும் 6ஆம் பின்னுக்கும் இடையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 4.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், மெல்லிய நீளக் கேபிளைத் தூக்கிப் போட்டுவிட்டு குட்டையான தடித்த கேபிள் வாங்குங்கள். அளக்கும்போது மீட்டர் முனை வழுக்கி 5 வோல்ட் பின்னும் பக்கத்துப் பின்னும் ஒட்டிக்கொள்ளாமல் கவனம்.

ஹெடரைச் சால்டர் செய்யும்போது முதலில் இரண்டு எதிர்மூலைப் பின்களை மட்டும் ஒட்டுங்கள். நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகே மீதி 38. ஈயம் கலந்த 0.8 மி.மீ. சால்டருக்கு 350 டிகிரி போதும். பலகையின் அடியில் சதுரமாக இருக்கும் பேடுதான் (சால்டர் ஒட்டும் உலோக இடம்) 1ஆம் பின். எஸ்டி கார்டு இருக்கும் பக்கம்.

இனி எல்இடி. 11ஆம் பின்னிலிருந்து 330 ஓம் ரெசிஸ்டர், அதிலிருந்து எல்இடியின் நீளக்கால், குட்டைக்கால் 9ஆம் பின்னில் உள்ள கிரவுண்டுக்கு. பின் தரும் 3.3 வோல்ட்டில் சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 1.3 வோல்ட்டை 330ஆல் வகுத்தால் ஏறத்தாழ 4 மில்லிஆம்பியர். ஒரு பின்னின் உச்சவரம்பு 16 என்பதால் கவலையில்லை. மோட்டாரையோ ரிலே காயிலையோ மட்டும் பின்னில் நேரடியாக மாட்டாதீர்கள். நடுவில் டிரான்சிஸ்டரும் காயிலின் குறுக்கே டயோடும் வேண்டும்.

பைத்தானில் ஜிபிஐஓஜீரோ நூலகத்தைப் பயன்படுத்துங்கள். கார்டில் இல்லாவிட்டால் ஏபிடி என்ற நிறுவும் கட்டளை மூலம் நிறுவலாம். எல்இடி என்ற வகுப்புக்கு 17 என்ற எண்ணைக் கொடுத்து பிளிங்க் சொன்னால் மினுக்க வேண்டும். 11ஆம் பின் என்றோமே, 17 எங்கிருந்து வந்தது? 11 என்பது ஹெடரில் அதன் இடம். 17 என்பது சிப் அதற்கு வைத்த பெயர். இதைக் குழப்பி வயரை ஹெடரின் 17ஆம் இடத்தில் செருகினால், அது 3.3 வோல்ட் மின்பின் என்பதால் எல்இடி விடாமல் எரியும், எந்த நிரலாலும் அணைக்க முடியாது. அணையாத எல்இடியைக் கண்டால் வயரின் இடத்தைத்தான் முதலில் பாருங்கள். ஒரு முறைகூட மினுக்காமல் நிரல் முடிந்துவிட்டால், கடைசி வரியில் நிரலை முடியாமல் நிறுத்திவைக்கும் பாஸ் (pause) அழைப்பு விட்டுப்போயிருக்கும். நிரல் முடிந்ததும் நூலகம் பின்னை விடுவித்துவிடும்.

அடுத்து சென்சார்கள். ஹெச்சி-எஸ்ஆர்04 தூர சென்சாரின் எக்கோ கால் 5 வோல்ட் தரும். 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் பிரித்து 3.3 ஆக்கிய பிறகே பலகையில் இணையுங்கள். ஐ2சி (இரண்டு சிக்னல் வயரில் பேசும் முறை) பலகை முதுகில் ஒட்டிய 16 எழுத்து 2 வரி எல்சிடியில் இன்னும் நாசூக்கான ஆபத்து: 5 வோல்ட்டில் ஓட்டினால் அதன் புல்-அப் ரெசிஸ்டர்கள் இரண்டு சிக்னல் வயர்களையும் 5 வோல்ட்டுக்கு இழுக்கும். நடுவே 5 வோல்ட் சிக்னலை 3.3 ஆக்கும் லெவல் ஷிஃப்டர் போடுங்கள். எல்டிஆர் (ஒளி உணரும் ரெசிஸ்டர்), பொட்டென்ஷியோமீட்டர் (திருகு ரெசிஸ்டர்) போன்றவற்றை நேரடியாகப் படிக்க இதில் அனலாக் உள்ளீடே இல்லை. அனலாகை எண்ணாக்கும் எம்சிபி3008 சிப்பை எஸ்பிஐ என்ற இணைப்பில் சேர்த்தால் எட்டு சேனல் கிடைக்கும்.

வேலை முடிந்ததும் பவர்ஆஃப் கட்டளை கொடுங்கள். பச்சை விளக்கு அணைந்து பத்து விநாடி கழித்து அடாப்டரை எடுங்கள். வயர் மாற்றுவதும் அப்போதுதான்.