கால் முடியை எடுக்கப்போற சைக்கிள்காரங்களுக்கு

போன வருஷம் ஈசிஆர்ல ஒரு வளைவுல மணல்ல டயர் வழுக்கி விழுந்தேன், எலும்புக்கு ஒண்ணும் ஆகல, இடது கால் வெளிப்பக்கம் முட்டியிலேர்ந்து கணுக்கால் வரைக்கும் தோல் மட்டும் துருவிவிட்ட மாதிரி போயிடுச்சு. விழுந்தப்ப வலிச்சத விட நாலாவது நாள் நர்ஸ் அக்கா பிளாஸ்டரை பிரிச்சப்ப வலிச்சதுதான் இன்னும் ஞாபகம் இருக்கு, ஏன்னா பிளாஸ்டர் தோல்ல ஒட்டல, முடியில ஒட்டியிருந்துச்சு. அன்னிக்குதான் இந்த ரேஸ்காரங்க ஏன் காலை மழமழன்னு வச்சிருக்காங்கன்னு புரிஞ்சுது.

மழிக்கணும்னு ரூல் எதுவும் கிடையாதுங்க. விழுந்தா காயத்துல ஒட்டின மண்ணு, பொடிக்கல்ல கழுவி எடுக்க சுலபம், கட்டு நல்லா ஒட்டும், பிரிக்கும்போது உயிர் போகாது, அவ்வளவுதான். முடி இல்லன்னா இன்ஃபெக்‌ஷனே வராதுன்னு சிலர் அடிச்சு சொல்வாங்க, அதை நம்பாதீங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி கூட ரேஸர் வேணாம், தேவைப்பட்டா கிளிப்பர்ல வெட்டுங்கன்னுதான் இப்ப மருத்துவ வழிகாட்டல் இருக்கு, ஏன்னா பிளேடு போடுற கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியா கிருமி உள்ள போகும்.

இன்னொரு காரணம் மசாஜ். டூர் டி பிரான்ஸ் மாதிரி 21 ஸ்டேஜ் ரேஸ்ல தினமும் சாயங்காலம் எண்ணெய் போட்டு கெண்டைக்காலையும் தொடையையும் அழுத்தி உருவுவாங்க, முடி இருந்தா இழுத்து இழுத்து மயிர்க்கால் எல்லாம் செவந்து பொரிஞ்சிடும்.

முடி இல்லன்னா காத்துத் தடை குறைஞ்சு வேகமா போகலாம்னு சொல்ற அந்த காத்து கதைக்கு வருவோம். 1987ல செஸ்டர் கைல்னு ஒருத்தர் சோதிச்சுப் பார்த்து காத்துத் தடை வெறும் 0.6 சதவீதம்தான் குறையுது, 40 கிலோமீட்டர் டைம் ட்ரயல்ல, அதாவது ஒவ்வொருத்தரா தனியா ஓட்டி நேரம் பாக்குற ரேஸ்ல, ஒரு 5 செகண்ட் மிச்சம்னு சொன்னாரு. ரொம்ப நாள் அதையேதான் எல்லாரும் சொல்லிட்டிருந்தாங்க. அப்புறம் 2014ல ஸ்பெஷலைஸ்டுன்னு ஒரு சைக்கிள் கம்பெனி கலிஃபோர்னியாவுல, காத்தை வேகமா அடிக்க விட்டு சோதிக்கிற அவங்க சொந்த காத்து சுரங்கத்துல நிஜ ஆளுங்களையே முடியோட ஒரு தடவை, முடி இல்லாம ஒரு தடவை உக்கார வச்சுப் பார்த்தா கிட்டத்தட்ட 7 சதவீதம் குறையுது, அதே 40 கிலோமீட்டர்ல ஒரு நிமிஷத்துக்கு கிட்ட மிச்சம். விரல் விட்டு எண்ணுற அளவு ஆளுங்கள வச்சுதான் பார்த்தாங்க, ஆனாலும் டைம் ட்ரயல் ஓட்டுறவனுக்கு ஒரு நிமிஷம்னா சொத்து. என்னை மாதிரி மாமல்லபுரம் வரைக்கும் போய் இட்லி சாப்பிட்டு திரும்புறவனுக்கு அந்த நிமிஷம் ரெண்டாவது சட்னியிலயே போயிடும்.

மிச்சம் எல்லாம் கூட்டத்து பழக்கம்தான். 2016 ஜனவரியில பீட்டர் சாகன், அப்ப உலக சாம்பியன், அர்ஜென்டினாவுல ஒரு ரேஸுக்கு முடியோட காலை காட்டிக்கிட்டு வந்தாரு, ரேஸ விட அந்த காலப் பத்திதான் பேச்சு.

சரி, முடிவு பண்ணியாச்சுன்னா எப்படி பண்றதுன்னு பாப்போம். ரேஸுக்கு முந்தின ராத்திரி மட்டும் பண்ணாதீங்க, நாலஞ்சு நாள் முன்னாடியே முடிச்சிடுங்க, புதுசா மழிச்ச தோல்ல வேர்வையும் சன்ஸ்கிரீனும் பட்டா திகுதிகுன்னு எரியும். முதல் தடவைன்னா கீழ பேப்பர் விரிச்சு உக்காந்து காஞ்ச கால்லயே ட்ரிம்மர் போட்டு ஒட்ட வெட்டிடுங்க, இதை விட்டுட்டு நேரா ரேஸர எடுத்தீங்கன்னா ரெண்டு இழுப்புக்கு ஒரு தடவை பிளேடு அடைச்சுக்கும், பாத்ரூம் ஜல்லடையும் சேர்ந்து அடைச்சு பிளம்பர் கிட்ட போய் விளக்கம் சொல்ற நிலைமை வரும்.

அப்புறம் வெதுவெதுன்னு தண்ணியில ஒரு அஞ்சு பத்து நிமிஷம் குளிச்சு முடிய ஊற விடுங்க. ஷேவிங் ஜெல் இல்லன்னா தலைக்குப் போடுற கண்டிஷனரே போதும், வெறும் சோப்பு வேணாம். புது பிளேடு, ரெண்டு காலுக்கும் சேர்த்து ரெண்டு கூட ஆகும், கஞ்சத்தனம் பாக்காதீங்க. முடி வளர்ற திசையில, அதாவது மேலேர்ந்து கீழ, அழுத்தாம இழுங்க, பழகினப்புறம் எதிர் திசை. முட்டியில மடக்கி வச்சுக்கிட்டும் முட்டிக்கு பின்னாடி காலை நீட்டிக்கிட்டும் பண்ணணும், குதிகாலுக்கு மேல கயிறு மாதிரி இருக்கிற அந்த தசைநாண்கிட்ட ரொம்ப மெதுவா, எல்லாருக்கும் ரத்தம் வர்ற இடம் அதுதான்.

எங்க நிறுத்துறது? ஷார்ட்ஸ் விளிம்புக்கு கொஞ்சம் மேல வரைக்கும் போதும், அங்க ட்ரிம்மர்ல லேசா கலந்து விடுங்க, இல்லன்னா பாதி கால்சட்டை போட்ட மாதிரி கோடு தெரியும். சீட்ல உக்கார்ற இடத்துக்கு ரேஸர் போகவே கூடாது. 2016 ரியோ ஒலிம்பிக்ஸுக்கு முன்னாடி பிரிட்டிஷ் அணி பெண் வீரர்களுக்கு சீட் புண் தொல்லை இருந்தப்ப அந்த இடத்து முடியை எடுக்காதீங்கன்னுதான் சொன்னாங்க, அங்க முடி உரசலுக்கு மெத்தை மாதிரி.

முடிஞ்சதும் பச்சத் தண்ணி ஊத்தி, தேய்க்காம ஒத்தி எடுத்து, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர் போடுங்க. ஆஃப்டர் ஷேவ் ஊத்தினா வீடே திரும்பிப் பாக்குற மாதிரி கத்துவீங்க. அன்னிக்கு ராத்திரி லுங்கி கால்ல படுறதே வேற யாரோட காலோன்னு இருக்கும். மூணாம் நாள் முள்ளு முள்ளா வந்து அரிக்கும். வாரம் ரெண்டு மூணு தடவை பீர்க்கங்காய் நார்ல லேசா தேய்ச்சா முடி உள்ளயே சுருண்டு வளர்றது குறையும். அப்படியும் வளர்ந்துடுச்சுன்னா ஊக்கு வச்சு நோண்டாதீங்க. சீழ் வச்சு சூடா வீங்கினா டாக்டர்கிட்ட போங்க. சர்க்கரை இருக்கிறவங்க முன்னாடியே கேட்டுட்டு பண்ணுங்க.

மழிச்சா தடிமனா வளரும்னு பயப்படாதீங்க, வெட்டின நுனி மொட்டையா இருக்கிறதால அப்படி தோணுது, அவ்வளவுதான். ரேஸருக்கு பதிலா முடி எடுக்கிற கிரீம் போடுறவங்க ஒரு ரூபா காசு அளவு இடத்துல போட்டு ஒரு நாள் பாத்துட்டு மிச்சத்த போடுங்க, சிராய்ப்பு மேல போடவே கூடாது. வாக்ஸ்னா சில வாரம் தாங்கும், ஆனா முடி கொஞ்சம் வளர்ந்திருந்தாதான் பிடிக்கும். ரேஸர்னா வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை. ரேஸரை தனியா வச்சுக்குங்க, நான் அவசரத்துல தங்கச்சியோடத எடுத்துட்டு மாட்டினேன், அவ இன்னும் சொல்லிக்காட்டிட்டுதான் இருக்கா.