நெல்லுக்குப் பின் உளுந்து: உரக் கணக்கில் நடக்கும் தவறுகள்

காவிரி டெல்டாவில் குறுவை, தாளடி என்று இரண்டு போகம் நெல், அப்புறம் உளுந்து என்று நிலம் ஓயாமல் விளைகிறது. ஆனால் உரத்தை மட்டும் அந்தந்தப் பயிருக்குத் தனித்தனியாகக் கணக்குப் போடுகிறோம், போன பயிர் எதை விட்டுப் போனது, வண்டியில் எது ஏறிப் போனது என்று யாரும் பார்ப்பதில்லை.

முதலில் வைக்கோல். நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் (பொட்டாஷில்) பெரும்பகுதி நெல்மணிக்குப் போவதில்லை, வைக்கோலிலேயே தங்கிவிடுகிறது. ஒரு டன் வைக்கோலில் சுமார் 14 முதல் 20 கிலோ வரை பொட்டாஷ் இருக்கும். ஏக்கருக்கு இரண்டு டன் கட்டி விற்றால், கிட்டத்தட்ட ஒரு மூட்டை பொட்டாஷ் உரத்தில் உள்ள சத்து நிலத்தை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். மாட்டுக்குப் போட வேண்டியவர்கள் போடட்டும், அதில் தவறில்லை. ஆனால் எருவாகவோ உரமாகவோ அது திரும்ப வயலுக்கு வர வேண்டும். விற்ற காசில் யூரியா மட்டும் வாங்கிப் போட்டால் பயிர் பச்சையாக நிற்கும், மண்ணில் சாம்பல் சத்து வருடா வருடம் குறைந்துகொண்டே போகும்.

கொளுத்துவது அதைவிட மோசம். வைக்கோலில் உள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறக்குறைய முழுதும், கந்தகத்தில் ஒரு பகுதியும் புகையாகப் போகின்றன. சாம்பலில் பொட்டாஷ் மிஞ்சுவது உண்மைதான், ஆனால் குவியல் எரிந்த இடத்தில் மட்டும் அது கிடந்து என்ன பயன்?

சரி, மடக்கி உழுதுவிடலாம் என்று உழுத கையோடு நட்டுவிடுகிறார்கள். வைக்கோலில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து குறைவு. அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்வதால் நட்ட பயிர் மஞ்சளடிக்கும், பூச்சி என்று நினைத்து மருந்தடிப்பவர்களும் உண்டு. அறுத்ததும் ஈரத்திலேயே உழுது இரண்டு மூன்று வாரம் விடுங்கள். அவ்வளவு இடைவெளி இல்லையென்றால் தழைச்சத்தில் ஒரு பங்கை அடியுரமாகவே கொடுத்துவிடுங்கள். இடைவெளியே இல்லாத வயலில் முழு வைக்கோலையும் மடக்காமல், அறுத்தபின் நிற்கும் தாளை மட்டும் மடக்குவதே நல்லது என்பேன்.

அடுத்தது, "உளுந்து போட்டாச்சு, இனி யூரியா பாதி போதும்" என்ற நம்பிக்கை. வேர்முடிச்சுகள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிப்பது நிஜம். ஆனால் செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோய்விட்டால் மண்ணுக்குப் பெரிதாக மிஞ்சாது. அடியோடு அறுத்து, வேரையும் உதிர்ந்த இலையையும் வயலில் விடுங்கள், அடித்து எடுத்த செடியையும் முடிந்தால் திருப்பிப் போடுங்கள். உளுந்துக்கே யூரியாவை அள்ளி வீசுவதும் வேண்டாம், தழைச்சத்து மிஞ்சினால் வேர்முடிச்சு சரியாக உருவாகாது. நெல் தரிசு உளுந்தை, நெல் அறுக்கும் முன்பே, நிற்கும் கதிருக்குள்ளேயே விதைப்பதால் அடியுரத்துக்கு வழியில்லை. அதற்குப் பூக்கும்போது ஒரு முறை, 15 நாள் கழித்து ஒரு முறை 2 சதவீத டிஏபி (தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ள உரம்) கரைசல் தெளிப்பார்கள், முந்தின இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும்.

டிஏபியைப் பற்றி இன்னொன்று. தண்ணீர் தேங்கிய வயலில், மண்ணில் இரும்போடு பிணைந்து கிடக்கும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) கொஞ்சம் விடுபட்டு நெல்லுக்குக் கிடைக்கும். அதைப் பார்க்காமல் ஒவ்வொரு நெல்லுக்கும் ஒரே அளவு கொட்டினால் மணிச்சத்து தேங்கி, துத்தநாகக் குறை தலைகாட்டும். ஜிங்க் சல்பேட்டை டிஏபியோடு கலந்தும் போடாதீர்கள்.

மண் பரிசோதனைக்கு உளுந்து எடுத்தபின், கோடையில், குறுவைக்கு உரம் போடும் முன் மண் எடுங்கள். அடுத்த முறையும் அதே சமயத்தில் எடுத்தால்தான் இரண்டு முடிவுகளையும் ஒப்பிட முடியும்.