குவில்ட் துணி அலமாரியிலேயே வெளுக்கிறதா? சேமிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குவில்ட் போர்வைக்கென்று (துணித் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைக்கும் போர்வை) வாங்கி அடுக்கிவைத்த கருநீலப் பருத்தித் துணியை ஒரு வருடம் கழித்து விரிக்கிறீர்கள். மடிப்பு இருந்த இடத்தில், அரை அங்குல அகலத்துக்கு, சாக்பீஸால் கோடு இழுத்தாற்போல வெளிறிய பட்டை. துணியைத் துவைக்கவில்லை, வெயிலில் போடவில்லை, தொடவே இல்லை. மடிப்பு முனை மட்டும் திறந்த அலமாரியிலிருந்து ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. புடவையில் என்றால் கொசுவத்தில் மறைத்துவிடலாம். குவில்ட்டில் முடியாது. சதுரம் சதுரமாக வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் ஒரே துணியின் இரண்டு நிறமும் பளிச்சென்று தெரியும்.

"நேர் வெயில்தான் படலையே!"

அதிகம் பேர் செய்யும் தவறு இந்த நினைப்புதான். வெளிச்சம் சாயத்தை உடைப்பது கடன் வட்டி மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், ஏறியது இறங்காது. அருங்காட்சியகங்களில் பழைய துணிகளுக்குப் பொதுவாக 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்துக்கு மேல் அனுமதிப்பதில்லை. நண்பகல் வெயில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ். ஜன்னலுள்ள அறையில் அலமாரி மேல் 300 லக்ஸ் விழுகிறது என்று வையுங்கள். தினம் 10 மணி நேரம் என்றால் வருடத்துக்குச் சுமார் 11 லட்சம் லக்ஸ் மணி. அதாவது, மொட்டைமாடிக் கொடியில் உச்சி வெயிலில் 11 மணி நேரம் தொங்கவிட்டதற்குச் சமமான வெளிச்சம். புதுத் துணியை யாரும் அப்படித் தொங்கவிடமாட்டோம். அலமாரியில் வைத்து அதையே செய்கிறோம்.

ஜன்னல் கண்ணாடி காப்பாற்றும் என்பதும் பாதிதான் சரி. புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியை அது தடுக்கும்; ஏ வகைக் கதிர் பெரும்பாலும் உள்ளே வந்துவிடும். எல்இடி விளக்கில் புற ஊதா கிட்டத்தட்ட இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் சாயத்தை வெளுக்கும் என்பதால், எல்இடி மாட்டிவிட்டு அலமாரியைத் திறந்தே வைப்பதில் பெரிய லாபமில்லை.

இன்னொன்று. வடக்கு ஜன்னல் உள்ள அறையில் வையுங்கள் என்று வெளிநாட்டுக் குவில்ட் குறிப்புகளில் படித்திருப்பீர்கள். அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் அது பொருந்தும், நமக்குப் பொருந்தாது. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சூரியன் நண்பகலில் தலைக்கு வடக்கே போகிறது. அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னல் வழியாகவே வெயில் சாய்வாக உள்ளே விழும். மதுரைக்குத் தெற்கே இந்தக் காலம் இன்னும் நீளம். எனவே திசையை நம்பாமல் கதவை நம்புங்கள். கதவு மூடிய இரும்பு பீரோ எல்லாவற்றிலும் நல்லது. திறந்த ரேக்தான் இருக்கிறது என்றால், வெளிச்சம் ஊடுருவாத கனமான காடாத் துணியை இரண்டு மடிப்பாகத் தைத்துத் திரையாகத் தொங்கவிடுங்கள். கையை உள்ளே விட்டுப் பாருங்கள். திரை வழியே கையின் நிழல் தெரிந்தால் போதாது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றச் சொல்வார்கள். நூல் மடிப்பிலேயே நைந்துபோகாமல் இருக்க அது நல்லதுதான். வெளுப்பதற்கு அது மருந்தல்ல. வெளிச்சத்தை அடைக்காமல் மடிப்பை மட்டும் மாற்றினால் ஒரு பட்டைக்குப் பதில் நாலு பட்டை வரும்.

எல்லாச் சாயமும் ஒன்றல்ல

சட்டையில் பட்ட மஞ்சள் கறையை நம் வீடுகளில் எப்படிப் போக்குகிறோம்? சோப்பு போட்டு வெயிலில் காயவைப்போம்; சாயங்காலம் கறை இருக்காது. மஞ்சளின் சாயத்தை வெயில் உடைத்துவிடுகிறது. இயற்கைச் சாயம் என்று ஆசையாக வாங்கும் மஞ்சள் நிறத் துணிக்கும் இதுவே கதி. கலம்காரியில் மஞ்சள்தான் முதலில் மங்கும். அவுரி நீலமும் மஞ்சிட்டிச் சிவப்பும் எவ்வளவோ தேவலை; பழைய அஜ்ரக் துணிகள் (கட்ச் பகுதியின் அச்சுத் துணிகள்) நிறம் தாங்குவதற்கு இந்த இரண்டும் ஒரு காரணம். ஆலைத் துணியில் விலையை வைத்தோ பிராண்டை வைத்தோ சொல்லிவிட முடியாது, சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

சோதனை சுலபம். கரையோரத்திலிருந்து 2 அங்குல அகலம், 6 அங்குல நீளத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். பாதியை அலுமினியத் தாளில் இறுக்கிச் சுற்றி, வெயில் படும் ஜன்னல் கண்ணாடியில் டேப்பால் ஒட்டுங்கள். துண்டின் ஓரத்தில் துணியின் பெயரும் தேதியும் எழுதிவையுங்கள். பத்துத் துண்டு சேர்ந்தால் எது எதுவென்று நினைவிருக்காது. மூன்று வாரம் கழித்துத் தாளைப் பிரித்து, பகல் வெளிச்சத்தில் இரண்டு பாதியையும் பாருங்கள். எல்லை தெளிவாகத் தெரிகிற துணிகளை அடுக்கின் உள்ளே வைத்து, முதலில் தைத்துத் தீர்த்துவிடுங்கள்.

இங்கே ஒரு குழப்பம் உண்டு. கல்லுப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் "நின்றுவிடும்" என்று பலர் செய்கிறார்கள். துவைக்கும்போது சாயம் இறங்குவது வேறு, வெளிச்சத்தில் வெளுப்பது வேறு. இரண்டாவதற்கும் உப்புக்கும் சம்பந்தமே இல்லை. சரியாக அலசாமல் உப்பு துணியில் தங்கினால் அது ஈரத்தை இழுக்கும், அது வேறு தொல்லை. ஈரம் இருக்கும்போது சாயம் இன்னும் வேகமாக வெளுக்கும் என்பதால், முதல் அலசலுக்குப் பிறகு நிழலில், உட்புறம் வெளியே தெரியும்படி காயப்போடுங்கள்.

பெட்டி, தாள், பிளாஸ்டிக்

பீரோ தட்டில் செய்தித்தாள் விரிப்பது பழைய பழக்கம். செய்தித்தாளிலும் அட்டைப் பெட்டியிலும் மரத்தின் லிக்னின் இருக்கிறது. பழசாகும்போது அமிலமாகிப் பட்ட இடத்தில் துணியைப் பழுப்பாக்கும். பெயின்ட் அடிக்காத மரத் தட்டும் அமில ஆவி விடும். நன்றாகத் துவைத்து, கஞ்சி போடாத பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். மரத் தட்டு என்றால் முதலில் அலுமினியத் தாள், அதன் மேல் வேட்டி. வேட்டியை வருடத்துக்கு ஒருமுறை துவைத்தால் போதும்.

ஜிப் வைத்த கண்ணாடி போன்ற புடவைக் கவர்கள் பெரும்பாலும் பிவிசி. நாளடைவில் பிசுபிசுக்கும், அமிலமும் விடும். சில பாலித்தீன் பைகளில் சேர்க்கும் பிஎச்டி (BHT) என்ற வேதிப்பொருள் காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்து வெள்ளைத் துணியை மஞ்சளாக்கும். குவில்ட்டின் அடிப்பக்கத்துக்கு வாங்கிய வெள்ளைத் துணி பைக்குள்ளேயே மஞ்சளாவதன் பின்னால் பெரும்பாலும் இந்தக் கதைதான். பெட்டி வாங்கினால் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட பாலிபுரொப்பிலீன் பாருங்கள். ஒளி ஊடுருவும் பெட்டி என்றால் அதை பீரோவுக்குள்தான் வைக்க வேண்டும். கேஸ் அடுப்பின் புகையிலும் நைட்ரஜன் ஆக்சைடு இருப்பதால் சமையலறையை ஒட்டிய ரேக் வேண்டாம். இன்வெர்ட்டர் பேட்டரி பக்கத்திலும் வேண்டாம்.

இஸ்திரி போட்ட சூட்டோடு பெட்டியில் போட்டு மூடிவிடுவது அடுத்த தவறு. நீராவி உள்ளேயே நின்று பூஞ்சை பிடிக்கும். இஸ்திரி போட்டதும் இரவு முழுக்க ஃபேனுக்கு அடியில் விட்டு, காலையில் அடுக்குங்கள். கடலோர ஊர்களில் 30 லிட்டர் பெட்டிக்கு 50 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு. நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்து மறுபடி போடலாம். நீல நிற ஜெல்லில் நச்சுள்ள கோபால்ட் இருப்பதால் ஆரஞ்சு நிறத்தையே வாங்குங்கள்.

அந்துருண்டை? பருத்தியை அந்துப்பூச்சி தின்னாது. வெள்ளிப் பூச்சியும் கரப்பானும் கஞ்சிக்குத்தான் வரும், அதனால் கஞ்சியை அலசிவிட்டாலே பாதி வேலை முடிந்தது. குழந்தைப் போர்வைக்கு எடுத்துவைத்த துணியில் அந்துருண்டை போடவே கூடாது. ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடுள்ள பச்சைக் குழந்தைகளுக்கு அதன் வாடையே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும்.

ஏற்கெனவே வெளுத்ததை என்ன செய்வது?

வெளுத்த பட்டையில் சாயத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆனால் துணியைத் தூக்கிப்போடவும் வேண்டாம். 44 அங்குல அகலத் துணியை நாலாக மடித்திருந்தால் மடிப்புகள் 11, 22, 33 அங்குலத்தில் விழும். ஒவ்வொரு 11 அங்குலப் பகுதியிலும் பக்கவாட்டில் இரண்டு 5 அங்குலச் சதுரம் வெட்டலாம். மிச்சம் 1 அங்குலம், மடிப்புக்கோட்டின் இரண்டு பக்கமும் அரை அரை அங்குலமாகக் கழியும். வெட்டும் முன் துணியைப் பகல் வெளிச்சத்தில் விரித்து, பட்டை எங்கே முடிகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். டியூப் லைட்டில் பார்த்து வெட்டினால் தைத்து முடித்த பிறகுதான் தெரியும்.