சிறை வயர்லெஸ்ஸை டிஜிட்டலுக்கு மாற்றும்போது செய்யக் கூடாதவை

பழைய அனலாக் வாக்கி டாக்கியில் சிக்னல் குறைந்தால் இரைச்சல் கூடும், காவலர் நாலடி நகர்ந்து நின்று பேசிக்கொள்வார். டிஜிட்டலில் அந்த எச்சரிக்கை கிடையாது. பேச்சு கடைசி வரை தெளிவாகக் கேட்டுவிட்டு பட்டென்று நின்றுவிடும். அது எந்த மூலையில் நிற்கும் என்று பார்க்காமலே செட் வாங்குவதுதான் பெரிய தவறு. நாகர்கோவில் மாவட்டச் சிறைக்கு என்றாலும் சரி, வேறெந்தச் சிறைக்கு என்றாலும் சரி, முற்றத்தில் நின்று 'ஹலோ' சொல்லிப் பார்ப்பது சோதனை ஆகாது. தடித்த சுவருக்குள், இரும்புக் கதவைச் சாத்திவிட்டு, படிக்கட்டின் அடியில், சமையற்கட்டில், ஒவ்வொரு அறை வாசலிலும் செட்டை இடுப்பில் மாட்டியபடியே பேசிப் பார்க்க வேண்டும்.

ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். அனலாக், டிஜிட்டல் இரண்டிலும் பேசும் செட்டுகள் கிடைக்கின்றன. ஒவ்வொரு பிளாக்காக மாற்றலாம். கைதியைப் பாளையங்கோட்டைக்கோ கோர்ட்டுக்கோ கூட்டிப்போகும் போலீஸிடம் என்ன செட் இருக்கிறது என்றும் முதலிலேயே கேளுங்கள், ஏனென்றால் அனலாக் செட்டுக்கு உங்கள் டிஜிட்டல் பேச்சு வெறும் கரகரப்பாகத்தான் கேட்கும்.

டிஜிட்டல் என்றாலே ரகசியம் என்று நம்புவது ஆபத்து. குறியாக்கம் (பேச்சைப் பிறருக்குப் புரியாதபடி மாற்றிப் பூட்டுவது) போடாத டிஎம்ஆர் (டிஜிட்டல் வாக்கி டாக்கிகளுக்கான ஒரு பொதுத் தரம்) பேச்சை, அதே வகை செட் வைத்திருக்கும் யாரும் வெளியே நின்று கேட்கலாம். ஏஇஎஸ் 256 மாதிரி குறியாக்கம் இருக்கிறதா, தனியாகக் காசு கேட்கிறார்களா என்று டெண்டரிலேயே எழுதிவிடுங்கள். ஒரு செட் தொலைந்தால் அன்றே மற்ற செட்டுகளின் குறியாக்கச் சாவியை மாற்ற வேண்டும்.

அப்புறம் ரிப்பீட்டர், அதாவது ஒரு செட்டின் சிக்னலை வாங்கி, பலமாக்கி மற்ற செட்டுகளுக்கு அனுப்பும் கருவி. டிஎம்ஆரில் 12.5 கிலோஹெர்ட்ஸ் சேனல் ஒன்றில் இரண்டு பேச்சு ஓடுவது லாபம்தான், ஆனால் ரிப்பீட்டர் படுத்தால் இரண்டும் சேர்ந்து நிற்கும். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஐப்பசி இடியும் உப்புக்காற்றும் வேறு. ஆண்டெனா கேபிள் இணைப்பில் தண்ணீர் இறங்காமல் சுற்றி, எர்த்தும் மின்னல் தடுப்பும் வைத்து, யுபிஎஸ் கொடுங்கள். ரிப்பீட்டர் இல்லாமல் செட்டுக்குச் செட் நேராகப் பேசும் சேனல் ஒன்றும் கட்டாயம் இருக்கட்டும்.

அனலாக்குக்கு வாங்கிய அலைவரிசை உரிமமே போதும் என்று நினைக்காதீர்கள், அலைவரிசை உரிமங்களைக் கவனிக்கும் மத்திய அரசின் தில்லி டபிள்யூபிசி பிரிவில் திருத்தம் கேட்க வேண்டியிருக்கும். காவலர்களுக்குப் பயிற்சியும் வேண்டும்: பட்டனை அழுத்தி, பீப் சத்தம் வந்த பிறகே பேச வேண்டும், இல்லாவிட்டால் முதல் வார்த்தை போய்விடும். ஆரஞ்சு அவசரப் பட்டனை ஒவ்வொருவரும் தன் கையால் அழுத்தி, கட்டுப்பாட்டு அறையில் யாருடைய பெயர் வருகிறது என்று பார்க்கட்டும்.